முறுக்கு விற்கக் கற்றுக்கொடுத்த கண் மருத்துவமனை

யோங் பெங்கில் பேருந்து நின்றால் இருபது நிமிடம். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் விரைவுப் பேருந்துகள் பல, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில்தான் இளைப்பாறும். அந்த இருபது நிமிடத்தில் பயணி கழிவறைக்குப் போக வேண்டும், பசியாற வேண்டும், வீட்டுக்கு ஒரு வார்த்தை பேச வேண்டும், ஓட்டுநர் ஹாரன் அடிப்பதற்குள் ஏறி உட்காரவும் வேண்டும். மிஞ்சுகிற இரண்டு மூன்று நிமிடத்தில்தான் என் அம்மா சுட்ட முறுக்கு அவர் கண்ணில் பட வேண்டும்.

கண்ணில் பட்டது, ஆனால் யாரும் வாங்கவில்லை.

அப்போது நான் எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். பத்து பகாட்டில் அம்மா பல ஆண்டுகள் வேலை செய்த ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. தையலை விட்டால் அம்மாவுக்குக் கைவந்தது முறுக்கு. தீபாவளிக்கு முன் அக்கம்பக்கத்தார் சொல்லிவைத்து வாங்குவார்கள். அதையே தொழிலாகச் செய்து பார்ப்போம் என்று, பேருந்துகள் நிற்கும் சாப்பாட்டுக் கடையின் சீனத் தவுக்கேயிடம் கேட்டோம். முகப்பில் ஒரு மேசை கொடுத்தார். விற்றதற்கு மட்டும் அவருக்குப் பங்கு. விற்காததை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, 12 வெள்ளி. முதல் மாதம் 40 டப்பா வைத்தோம். 27 திரும்பி வந்தன. திரும்பி வந்த முறுக்கை என்ன செய்வது? கொஞ்ச நாளில் நமுத்துவிடும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். வீட்டில் நாங்களே தின்றோம். தம்பி ஒரு நாள், “எனக்கு முறுக்கே வேணாம்மா” என்று தட்டைத் தள்ளிவிட்டான். அந்த வாரம்தான் அலமாரியில் அம்மாவின் அடகுச் சீட்டைப் பார்த்தேன். நான் மேல்படிப்புக்குப் போனால் கட்ட வேண்டிய பதிவுப் பணத்துக்காக அம்மா வளையலை வைத்திருந்தார். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்துக் கடையைப் பார்த்துச் செய்த தவறு

முறுக்கு விற்கவில்லை என்றால் யாரைப் பார்ப்போம்? வேறு முறுக்குக் கடையைத்தான் பார்ப்போம். நானும் அதைத்தான் செய்தேன். சற்றுத் தள்ளி இன்னொருவர் முறுக்கு வைத்திருந்தார். அவர் விலை 11 வெள்ளி. நாங்கள் 10 ஆக்கினோம். அடுத்த வாரம் அவர் 9 ஆக்கினார். எண்ணெய், மாவு, எரிவாயு போக, இரண்டு இரவு அடுப்படியில் நின்ற அம்மாவின் கைக்கு வந்தது சில வெள்ளிதான். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால், பெரும்பாலும் ஒரே தவறைத்தான் திரும்பச் செய்வார்கள். அவர் டப்பாவும் சிவப்பு மூடி, எங்கள் டப்பாவும் சிவப்பு மூடி. அவருடைய முறுக்கும்தான் விற்கவில்லை. பிறகு அவரிடம் நான் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

அந்த நேரத்தில் எனக்கு வணிகப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒரு நாள் கடைக்கு வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, “மதுரையில ஒரு கண் டாக்டர் பெர்கர் கடையைப் பார்த்து மருத்துவமனை நடத்தினாரும்மா. தேடிப் படிச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் படித்தேன்.

மதுரை மருத்துவர் கேட்ட கேள்வி

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-இல் பிறந்தவர். தென் தமிழ்நாட்டின் ஒரு கிராமத்துப் பிள்ளை. இளவயதிலேயே கடுமையான முடக்குவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடுதான் கண் அறுவைச் சிகிச்சையைக் கற்றார். அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவர் முன்னால் இருந்த சிக்கல் கண்புரை. அறுவைச் சிகிச்சை செய்தால் பார்வை திரும்பிவிடும். ஆனால் பார்வையிழந்து கிடப்பவர்கள் லட்சக்கணக்கில். மருத்துவர்களோ மிகக் குறைவு. பணமும் குறைவு. மற்ற மருத்துவமனைகளைப் பார்த்தால் விடை கிடைக்காது. அவையும் அதே சிக்கலில் இருந்தன. அதனால் அவர் வேறு ஒரு கேள்வியைக் கேட்டார்: ஒரே தரத்தில், குறைந்த விலையில், எல்லா ஊரிலும், ஒவ்வொரு நாளும், கணக்கில்லாத பேருக்கு ஒரு பொருளைக் கொண்டுசேர்க்க உலகத்தில் யாருக்குத் தெரியும்?

அமெரிக்கா போனபோது பார்த்த மெக்டோனல்ட்ஸ் கடைகளில் அதற்கு அவருக்கு விடை கிடைத்தது. எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் ஒரே பெர்கர். வேலை சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் முறையான பயிற்சி உண்டு. பெர்கரை அப்படிக் கொடுக்க முடியும் என்றால் பார்வையையும் ஏன் கொடுக்க முடியாது என்று அவர் எண்ணினார்.

அரவிந்தில் அந்த எண்ணம் எப்படி வேலையாக மாறியது என்று பாருங்கள். பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள். கண்ணைச் சோதிப்பது, அளவெடுப்பது, நோயாளியைத் தயார்ப்படுத்துவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் மருத்துவர் செய்கிறார். அதனால் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைச் சிகிச்சைகள் வரை செய்ய முடிகிறது. பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறார்கள். அந்த வருமானத்தில், கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை நடக்கிறது.

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை ஏழைக்கு எட்டாதது. 1992-இல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்கூடத்தைத் தொடங்கி, இறக்குமதி விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டாக்டர் வெங்கடசாமி மெக்டோனல்ட்ஸிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. விளம்பரப் பாட்டையோ வண்ணத்தையோ பொம்மையையோ எடுக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே விலை என்பதைக்கூட எடுக்கவில்லை. அவர் எடுத்துக்கொண்டது வேலை நடக்கும் முறையை மட்டும்தான்.

இலவசம் என்றாலும் வராதவர்கள்

சந்தைப்படுத்துதல் படிக்கும் மாணவர்கள் அரவிந்தின் அடுத்த பாடத்தைத்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும். கிராமங்களில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். சிகிச்சை இலவசம் என்றார்கள். அப்படியும் பலர் வரவில்லை. ஏன்? மருத்துவமனைக்குப் போகப் பேருந்துக் காசு வேண்டும். கூடவே ஒருவர் துணைக்கு வர வேண்டும். அவருக்கு அன்றைய கூலி போய்விடும். சாப்பாட்டுச் செலவு வேறு. எல்லாவற்றுக்கும் மேலே பயம்.

விலை பூச்சியம்தான். ஆனால் வாங்குபவருக்கு ஆகும் செலவு பூச்சியம் இல்லை. இதைப் புரிந்துகொண்டு, முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, சிகிச்சை முடிந்து திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகும், தேவைப்படுபவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாம்களுக்கு வருகிறார்கள் என்று ஆய்வில் தெரிந்தபோது, சிறு ஊர்களிலேயே நிரந்தரக் கண் மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதிப்பார்; நகரத்து மருத்துவர் காணொளி வழியாகப் பார்த்து ஆலோசனை சொல்வார்.

இதைப் படித்த அன்று இரவு நான் எங்கள் முறுக்கு மேசையை நினைத்துப் பார்த்தேன். எங்கள் டப்பா 12 வெள்ளி. ஆனால் பயணிக்கு அதனால் ஆகும் செலவு என்ன? தெரியாத முறுக்குக்கு 12 வெள்ளி கொடுக்கும் பயம். பேருந்து இருக்கையில் அவ்வளவு பெரிய டப்பாவை எங்கே வைப்பது என்ற தொல்லை. பழைய சரக்காக இருந்தால் திருப்பிக் கொடுக்க யோங் பெங்குக்குத் திரும்பவா வர முடியும்? இதற்கெல்லாம் நான் கண்டுபிடித்த மருந்து விலையைக் குறைப்பது மட்டும். நோய் வேறு இடத்தில் இருந்தது.

கார் தொழிலுக்கும் இறைச்சிக் கூடத்துக்கும் என்ன உறவு?

பிற தொழிலைப் பார்த்துக் கற்றவர் டாக்டர் வெங்கடசாமி மட்டுமில்லை. 1913-இல் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் நகரும் கோர்ப்பு வரிசை வந்தது. ஒரு காரின் அடிச்சட்டத்தைக் கோர்க்க அதற்கு முன் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அந்த யோசனைக்குத் தூண்டுதல் சிக்காகோவின் இறைச்சிக் கூடங்கள். அங்கே இறைச்சி கொக்கியில் தொங்கிக்கொண்டு நகரும். ஆட்கள் நின்ற இடத்தில் நின்று ஆளுக்கொரு பாகத்தை வெட்டி எடுப்பார்கள். ஃபோர்டு அதைத் தலைகீழாக்கி, ஆளுக்கொரு பாகத்தைச் சேர்க்க வைத்தார்.

ஜப்பானின் டொயோட்டாவில் தாய்இச்சி ஓனோ கார் தயாரிப்புக்குப் பாடம் கற்றது அமெரிக்கப் பேரங்காடியில். அங்கே வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரியில் திரும்ப நிரப்புகிறார்கள்; தேவைக்கு முன்பே குவித்து வைப்பதில்லை. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்திரீட் குழந்தைகள் மருத்துவமனை, இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும்போது நேரும் தவறுகளைக் குறைக்க, ஃபெராரி பந்தயக் குழுவிடம் கற்றது. சில விநாடிகளில் சக்கரம் மாற்றும் அந்தக் குழுவில் யார் எங்கே நிற்பார், யார் தலைமை ஏற்பார் என்பது முன்பே முடிவானது.

இவர்கள் எல்லாரும் தம் சிக்கலைத் தம் தொழிலின் பெயர் இல்லாமல் சொல்லிப் பார்த்தவர்கள். “காரை எப்படி வேகமாகச் செய்வது?” என்று கேட்டால் இன்னொரு கார் தொழிற்சாலைக்குத்தான் போவோம். “ஒரு கனமான பொருள் பல கைகளைத் தாண்டிப் போக வேண்டும், எப்படி?” என்று கேட்டால் இறைச்சிக் கூடம் கண்ணில் படும்.

கடலூர்ப் பொட்டலம்

நானும் என் கேள்வியை மாற்றினேன். “முறுக்கை எப்படி விற்பது?” என்பதை அடித்துவிட்டு, “முன்பின் தெரியாத ஒருவர், அவசரத்தில் இருக்கும்போது, பயமில்லாமல் முதல் தடவை வாங்க என்ன செய்ய வேண்டும்?” என்று எழுதினேன். இந்தக் கேள்விக்குக் கடலூரில் ஒருவர் முன்பே விடை கண்டிருந்தார்.

சின்னி கிருஷ்ணன் சிறு அளவில் மருந்துப் பொட்டலமிடும் தொழிலில் தொடங்கி, பிறகு அழகுப் பொருள்களுக்கு வந்தவர். கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்க முடிகிற அளவில் பொருள் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பெரிய போத்தலுக்குக் காசில்லாதவரும் ஒரு தடவைக்கு வேண்டியதை வாங்கட்டும் என்று சிறு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, தந்தையின் பெயரிலிருந்தே ‘சிக்’ என்று ஷாம்புவுக்குப் பெயர் வைத்தார். அந்த நிறுவனம்தான் பிறகு கெவின்கேர் ஆனது.

கிராமத்தில் ஷாம்புவையே பார்த்திராதவர்களிடம் அதை எப்படி விற்பது? அவர்கள் சினிமாவிடம் போனார்கள். ரஜினிகாந்த் படத்தைக் கிராமங்களில் திரையிட்டார்கள். இடையில் விளம்பரம். படம் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே ஒரு பையன் தலையில் ஷாம்பு போட்டுக் கழுவிக் காட்டினார்கள். காலிப் பொட்டலங்களைக் கொண்டுவந்தால் ஒரு பொட்டலம் இலவசம் என்றும் ஒரு திட்டம் போட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். “முறுக்கை ஷாம்பு மாதிரி விக்கச் சொல்றியா?” என்றார். ஆனாலும் சம்மதித்தார். 2 வெள்ளிக்கு ஒரு சிறு பொட்டலம். ஒரு கையில் பிடித்தபடி பேருந்தில் தின்று முடிக்கலாம். முதல் வாரம் 50 பொட்டலம் வைத்தோம். ஒன்பதுதான் திரும்பி வந்தன. கணக்குப் பார்த்தால் சிறு பொட்டலத்தில் எடைக்கு எடை விலை கூடத்தான். வாங்கியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தேடியது மலிவை அல்ல, இழப்பில்லாமல் சுவைத்துப் பார்க்க ஒரு வழியை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறு பொட்டலத்தை வாங்கினால் அதன் குறையும் சேர்ந்தே வரும். அது பிளாஸ்டிக் குப்பை. கடை வாசலில் எங்கள் உறைகள் கிடப்பதைப் பார்த்துத் தவுக்கே முகம் சுளித்தார். மேசைக்குப் பக்கத்தில் நாங்களே ஒரு குப்பைத் தொட்டி வைத்தோம். முழுத் தீர்வு அது இல்லை.

டுரியான் கடையில் ஒரு மணி நேரம்

அடுத்த சிக்கல் நம்பிக்கை. மூடிய டப்பாவுக்குள் இருப்பது புதியதா பழையதா என்று பயணிக்கு எப்படித் தெரியும்? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலை கொடுத்து வாங்கும் பொருள் வேறு எது என்று யோசித்தேன். டுரியான்!

பருவம் வந்ததும் சாலையோர டுரியான் கடையில் போய் ஒரு மணி நேரம் நின்றேன். விற்பவர் பழத்தை மோந்து பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார். பிறகு சிறு துண்டு வெட்டித் திறந்து சுளையைக் காட்டுவார். வாங்குபவர் தொட்டுப் பார்க்கலாம். சரியில்லை என்றால் அந்தப் பழத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் திறப்பார். கெட்ட பழத்தின் இழப்பு விற்பவர் தலையில்தான். அந்தத் துணிவுதான் வாங்குபவரின் பயத்தைப் போக்குகிறது.

அங்கிருந்து இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்று, மூடியும் இடுக்கியும் வைத்த சுவை பார்க்கும் போத்தல். இரண்டு, ஒவ்வொரு பொட்டலத்திலும் பெரிய எழுத்தில் “பொரித்த நாள்”. நாளைப் போட்டுவிட்டால் பழைய சரக்கை வைத்திருக்க முடியாது. அதனால் டொயோட்டா பாடமும் தானாக வந்து சேர்ந்தது: மாதத்துக்கு ஒரு தடவை மலையாகச் சுடுவதை நிறுத்தி, வாரத்துக்கு இரண்டு தடவை, விற்ற அளவுக்கு மட்டும் சுட்டோம். தம்பிக்குப் பழைய முறுக்கிலிருந்து விடுதலை கிடைத்தது.

மூன்றாவது பாடம் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கிடைத்தது. அம்மாவுக்கு நீரிழிவு. மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போதே அடுத்த தேதியைப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நோயாளி நினைவு வைத்திருப்பாரா என்று அவர்கள் காத்திருப்பதில்லை. நாங்களும் கேட்கத் தொடங்கினோம்: “அடுத்து எப்போ இந்தப் பக்கம் வருவீங்க அண்ணே?” தீபாவளிக்கு, பள்ளி விடுமுறைக்கு, மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று சொல்வார்கள். விருப்பப்பட்டவர்களின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் புலனத்தில் ஒரு செய்தி. பேருந்து ஜொகூர் பாருவை விட்டுக் கிளம்பும்போதே சிலர் பதில் போடுவார்கள். பெயர் எழுதிய பை மேசையில் தயாராக இருக்கும். திரும்பி வந்துகொண்டிருந்த பெரிய டப்பாக்கள் இப்படித்தான் விற்கத் தொடங்கின.

தோற்றுப்போன அட்டை

எல்லாம் பலித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஊரில் ஒரு பபுள் டீ கடையில் முத்திரை அட்டை கொடுப்பார்கள். ஒன்பது வாங்கினால் பத்தாவது இலவசம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போய், அம்மாவைக்கூடக் கேட்காமல், என் சேமிப்பில் 60 வெள்ளி போட்டு அட்டை அச்சடித்தேன். ஆறு மாதம் ஆகியும் ஓர் அட்டைகூட நிரம்பவில்லை.

காரணம் எளியது. பபுள் டீ வாங்குபவர் அந்தக் கடை வழியாகத் தினமும் நடந்துபோகும் உள்ளூர் மாணவர். எங்கள் வாடிக்கையாளர் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை எங்கள் ஊரைத் தாண்டிப் போகிறவர். அட்டை நிரம்ப அவருக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்! பபுள் டீ கடையின் சிக்கல் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடக்கூடாது என்பது. எங்கள் சிக்கல் அவர் முதல் தடவை வாங்க வேண்டும் என்பது. சிக்கல் வேறாக இருக்கும்போது விடையை மட்டும் கடன் வாங்கியது என் தவறு. மிச்ச அட்டைகளின் பின்பக்கத்தில் அம்மா இன்றும் எண்ணெய்க் கணக்கு எழுதுகிறார்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது

“அடுத்தவர் யோசனையை எடுப்பது திருட்டு இல்லையா?” என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. சிறு பொட்டலத்தில் விற்பது, சுவை பார்க்கக் கொடுப்பது, முன்பதிவு எடுப்பது போன்ற பொதுவான வியாபார வழிகளை யாரும் பின்பற்றலாம். ஆனால் இன்னொருவரின் வணிகப் பெயர், சின்னம், படம், உறையின் தோற்றம் ஆகியவற்றை எடுத்து ஆளை ஏமாற்றக்கூடாது. நம் நாட்டில் வணிகச் சின்னங்களுக்கு 2019-ஆம் ஆண்டு சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அவற்றைப் பதிவு செய்யும் இடம் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ. கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை வாங்குவதாக இருந்தால் எதற்காக என்று சொல்லி, சம்மதம் கேட்டு வாங்குங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2010-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உணவு விற்பதானால், உணவு கையாளுவோருக்கான பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். அம்மா இரண்டையும் முடித்த பிறகுதான் மேசையில் பொட்டலம் வைத்தோம்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளியில் தொழில்முனைவர் நாள், கல்லூரியில் விற்பனைக் கூடம், வீட்டில் அம்மாவின் பலகாரம் அல்லது அப்பாவின் கார் பட்டறை என்று உங்களுக்கும் ஒரு வாய்ப்பு வரும். அப்போது இந்த நான்கு படிகளைச் செய்து பாருங்கள்.

முதலில், உங்கள் சிக்கலை ஒரே வரியில் எழுதுங்கள். அதில் உங்கள் பொருளின் பெயர் வரக்கூடாது. “என் கேக் விற்கவில்லை” என்று எழுதாதீர்கள். “கடைசி நேரத்தில்தான் ஆள் வருகிறது, அதற்குள் பொருள் வீணாகிறது” என்று எழுதுங்கள்.

இரண்டாவது, இதே சிக்கல் வேறு யாருக்கெல்லாம் இருக்கிறது என்று ஐந்து தொழில்களை எழுதுங்கள். நேரம் கடந்தால் வீணாவது கேக் மட்டுமா? விமான இருக்கை, மீன் கடை, பூக்கடை, தங்கும் விடுதி, சினிமா நுழைவுச் சீட்டு. எல்லாருக்கும் அதே தலைவலி. ஒவ்வொருவரும் ஒரு வழி வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நேரில் போய் ஒரு மணி நேரம் பாருங்கள். இணையத்தில் படிப்பது போதாது. டுரியான்காரர் கெட்ட பழத்தை எந்தப் பேச்சும் இல்லாமல் ஒதுக்கி வைத்ததை நான் எந்தக் கட்டுரையிலும் படித்திருக்க முடியாது.

நான்காவது, அங்கே பார்த்ததில் மிகச் சிறிய ஒன்றை மட்டும் எடுத்து, இரண்டு வாரம் சோதித்து, முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். நான் 60 வெள்ளிக்கு அட்டை அச்சடிக்காமல், பத்து அட்டையைக் கையால் எழுதிக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பாடம் அதேதான் கிடைத்திருக்கும். செலவு பேனா மையோடு போயிருக்கும்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கிறேன். அம்மாவின் வளையல் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. முறுக்கால் நாங்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை. எண்ணெய் விலை ஏறினால் அம்மா இன்றும் இரவு தூங்குவதில்லை. ஆனால் விற்காமல் திரும்பி வந்த டப்பாக்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் அந்தச் சனிக்கிழமைகள் இப்போது இல்லை.

போன விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கடைக்குப் போனேன். எங்கள் மேசைக்கு அடுத்த மேசையில் மரவள்ளிக்கிழங்கு வறுவல் விற்கும் மலாய் மக்சிக்கின் பொட்டலத்தைப் பார்த்தேன். அதில் பெரிய எழுத்தில் பொரித்த நாள் எழுதியிருந்தது. பக்கத்தில் மூடி போட்ட ஒரு சிறு போத்தலும் இடுக்கியும்.

“பார்த்தீங்களாம்மா, நம்மளப் பார்த்துச் செய்றாங்க” என்றேன்.

அம்மா பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே, “செய்யட்டும்டி. நாம டுரியான்காரர்கிட்ட கேட்டுட்டா செஞ்சோம்?” என்றார்.

அதற்குள் அடுத்த பேருந்து வந்து நின்றது.